தைரியப் பயிற்சி

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே விர்யோனோவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. மனப்பயிற்சி வகுப்புக்குப் போனான்.

"'நீ தேறமாட்டே'ன்னு உள்ளுக்குள்ள ஒரு குரல் கேக்குமே, அதைச் சத்தமா அதட்டுங்க" என்றார் பயிற்சியாளர்.

அன்று முதல் தினமும் காலையில் வாசலில் நின்று கத்தினான்: "வாயை மூடு! உனக்கென்ன தெரியும்?"

மனைவி லஸ்த்ரி எட்டிப் பார்த்தாள். "யாரைங்க திட்டறீங்க?"

"என்னைத்தான்."

"நல்லதாப் போச்சு, எனக்கு வேலை மிச்சம்."

போட்டியன்று சுரபாயா மைதானத்தில் அவன் கை நடுங்கவே இல்லை. கூண்டைக் கம்பியில் மாட்டிவிட்டு நிம்மதியாக ஒதுங்கி நின்றான்.

நடுவர் கூண்டருகே குனிந்து, "எங்கே, பேசு பார்ப்போம்" என்றார்.

ஒரு மாதமாக வாசலில் தொங்கிய மைனா கணீரென்று பேசியது: "வாயை மூடு! உனக்கென்ன தெரியும்?"

விர்யோனோவின் பக்கத்தில் நின்ற லஸ்த்ரி சொன்னாள்: "பாருங்க, அதுக்குத் துளிகூட நடுக்கமில்லை!"