கழுவாத காப்பி

2018 பிப்ரவரி 8. தாண்டிக்குடிக்குக் கீழே, ஒன்றரை ஏக்கர் தோட்டம் ஒன்றில், பழத்தோல் உரித்த காப்பிக் கொட்டைகள் கழுவப்படாமல் வெயிலில் பரப்பப்பட்டன.

மறுநாள் மாலை அந்தத் தோட்டக்காரர் தன் மனைவி ஜெயக்கொடியை எரித்துவிட்டுச் சுடுகாட்டிலிருந்து திரும்பினார்.

தலை ஈரம் இன்னும் காயவில்லை. வாசலும் ஈரமாக இருந்தது. பிணம் வெளியேறியதும் பெண்கள் வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள்.

அவர் உள்ளே போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

மூங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பழைய கொசுவலை. அதன்மேல் காப்பி.

நேற்று அது தேன் நிறத்தில் இருந்தது. பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. மணிக்கொரு தரம் ஜெயக்கொடி கையால் பிரித்துவிட்டாள். அவரையும் பிரிக்க வைத்தாள்.

இப்போது வெளுத்துக் கிடந்தது. ஒவ்வொரு கொட்டையும் தனித்தனியாக, சுத்தமாக.

பக்கத்துத் தோட்டத்துப் பஞ்சவர்ணம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வெகுநேரம் தண்ணீரில் கிடந்த விரல்கள் சுருங்கியிருந்தன.

"கழுவக்கூட நேரமில்லாமப் போயிட்டாளே தம்பி. புளிச்சு நாறிப் போயிரும்னு நாங்க நாலு பேரும் உக்காந்து தேச்சு அலசிட்டோம். லேசுல போகுதா அந்தப் பிசுக்கு! அவ பாடுபட்டது, வீணாகக் கூடாதுல்ல."

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் அந்த வீட்டு வேலை எதுவும் நிற்காது. ஒருத்தி மாட்டை அவிழ்த்துக் கட்டுவாள். ஒருத்தி குடத்தை எடுப்பாள். அந்த ஊரில் அதை உதவி என்று யாரும் சொல்வதில்லை.

பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதுமில்லை. வீட்டைக் கழுவிய பிறகு அவர்களுக்கு நேரம் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜெயக்கொடி இந்த வலையைக் கட்டியபோது வேலியோரம் நின்று இதே பஞ்சவர்ணம்தான் கேட்டாள்.

"ஏன்டி, காப்பியையும் கொசு கடிக்குதா?"

தெருவே சிரித்தது. ஜெயக்கொடியும் சிரித்தாள். அடுத்த வருஷம் மூன்று வீடுகளில் கொசுவலை ஏறியது. அதில் ஒன்று பஞ்சவர்ணத்தின் வீடு.

கழுவாமல் காயவைப்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பழத்தின் இனிப்பு கொட்டையோடேயே காய வேண்டும். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அப்படிப்பட்ட காப்பியைத் தேடுகிறார். ருசி பிடித்துவிட்டால் இனி வருஷா வருஷம் தோட்டத்துக் காப்பி முழுவதையும் அவரே வாங்கிக்கொள்வார். வத்தலக்குண்டு வியாபாரியின் கடை வாசலில் போய் நிற்க வேண்டாம்.

கணவரிடம் மட்டும் சொன்னாள்.

"மொதல்ல கோயம்புத்தூர்க்காரரு குடிச்சுப் பாக்கட்டும். அப்புறம் ஊரு சிரிக்கட்டுங்க."

அவர் இரண்டு வருஷம் தலையாட்டவில்லை. இந்தக் கடைசிப் பறிப்புக்குத்தான் சரி என்றார். செடிகளில் இனிப் பழம் இல்லை.

இன்று விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஜீப் வத்தலக்குண்டை எட்டவில்லை.

அவர் ஒரு கொட்டையை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினார்.

ஒட்டவில்லை.

பஞ்சவர்ணம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. நாள் முழுக்க அவளும் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

"நல்லாச் சுத்தமா இருக்குக்கா."

அதைக் கேட்டதும்தான் அவள் அழுதாள். அழுதுகொண்டே வலையில் கைவைத்து, கொட்டைகளை ஒருமுறை மெல்லக் கிளறிவிட்டாள்.

அவர் குளித்துத் துவட்டாத தலையோடு அங்கேயே நின்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் அவர் கோயம்புத்தூருக்குப் போன் செய்து, காப்பியைப் பார்க்க வர வேண்டாம் என்றார்.

ஏன் என்று கேட்டார்கள்.

"கழுவிட்டோம்ங்க."

மார்ச் மாதம் அந்த மூட்டை மற்ற மூட்டைகளோடு சேர்ந்து வத்தலக்குண்டுக்குப் போனது.