முப்பத்தாறாவது தவணை

"இந்த மாசத் தவணை வந்துடுச்சாம்மா?"

குடையை மடக்கும் முன்பே கேட்டுவிட்டார் அந்த அம்மாள். கவுண்டரில் இருந்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி காலையில் இதே குடை, இதே கேள்வி.

வண்டிகளுக்கு மட்டும் கடன் கொடுத்து வந்த அந்த நிதி நிறுவனம், சோலார் மின்சாரத்தில் பணம் போட ஆரம்பித்தபோது முதலில் பேனல் மாட்டியது இவர் வீட்டு மாடியில்தான். கடன் மகன் பெயரில். தவணையையும் அவனே வெளியூரிலிருந்து ஆன்லைனில் கட்டி வந்தான்.

"நேத்தே கட்டிட்டார்மா. இதைக் கேக்கவா ரெண்டு பஸ் மாறி வர்றீங்க? மகனுக்கு ஒரு போன் போட்டாத் தெரிஞ்சுடுமே!"

"நேர்ல வந்து கேட்டாத்தான் மனசு ஆறுது கண்ணு."

ரசீதை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தேதியை மட்டும் பார்த்தார். தொகையைப் பார்க்கவில்லை. எல்லோரும் இவரைப் போல இருந்துவிட்டால் வசூலுக்கு ஆளே வேண்டாம் என்று அந்த அலுவலகமே மெச்சிக்கொள்ளும்.

அன்று மேனேஜரே எழுந்து வந்தார். கையில் ஒரு சான்றிதழ்.

"வாங்கம்மா! முப்பத்தாறு தவணையும் முடிஞ்சுது. பேனல் இனிமே உங்களுக்கே சொந்தம். இந்த வெயில்ல நீங்க அலைய வேண்டியதே இல்ல. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

அம்மாள் பேயறைந்தது போல நின்றார். "அதுக்குள்ளயா? சார், கணக்கை முடிக்காதீங்க. இன்னும் கொஞ்ச நாள் இழுங்களேன்."

"கடனை இழுக்கச் சொல்ற முதல் ஆள் நீங்கதாம்மா!"

"அப்போ இன்னும் ரெண்டு பேனல் போடுங்க. இதே மாதிரி மாசாமாசம் கட்டட்டும்."

"தாராளமா போடலாம். மகன் வந்து ஒரு கையெழுத்துப் போடணும்."

"அவன் வரமாட்டான் சார்."

"சரி, உங்க பேர்லயே போட்டுக்கலாம். நீங்க கட்டுங்க."

"நான் கட்டி என்ன பிரயோஜனம்? அவன்தான் கட்டணும்."

மேனேஜரின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "பெத்த பிள்ளையை இப்படியா கசக்கிப் பிழியறது?" என்று வரிசையில் நின்ற ஒருவர், அம்மாளின் காதில் விழும்படியே முணுமுணுத்தார். கவுண்டர் பெண் தலை குனிந்துகொண்டாள்.

"பாவம்மா உங்க பையன். மூணு வருஷமா ஒரு மாசம் கூடத் தப்பாம கட்டியிருக்கார். இனிமேலாவது அவரைச் சும்மா விடுங்க" என்றார் மேனேஜர். கணினி கணக்கை முடித்துவிட்டது, இனி தாம் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

அம்மாளுக்கு அழுகை பொங்கியது. கவுண்டரின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போனவன் உசுரோட இருக்கான்னு இனிமே எனக்கு யார் சார் சொல்லுவா?"