பாதிவழியார் கடையில் இரண்டு வண்டிகள்

"இந்த ரெண்டுல எது வழியில நிக்கும்?"

அந்த அம்மாள் கேட்டதும் மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவப் பார்த்தது. யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பழைய கதை இவள் காதுக்கும் போய்விட்டது.

முப்பத்தைந்து வருடத்துக்கு முன், கடை திறந்த புதிதில், அவர் விற்ற பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று பாதி வழியில் நின்றுபோனது. வாங்கிய சுருட்டை முடிக்காரன் நாலாம் நாள் திரும்பி வந்து, தெருவே கூடும்படி கத்திவிட்டுப் போனான். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது 'பாதிவழி' என்ற பெயர். அதன் பிறகு எத்தனை நல்ல வண்டி விற்றும் அது உரிந்து விழவில்லை. போன வாரம் கூரியர்காரன்கூட, "பாதிவழியார் கடை இதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினான். கடையை மூடுவதற்குள் அந்தப் பெயரைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை கிடையாது.

"சிவப்பு நிக்கவே நிக்காதும்மா. ரெட்டை சிலிண்டர், மூணு வருஷம்தான் ஓடியிருக்கு. கறுப்பு, ஒத்தை சிலிண்டர். பதினாலு வயசு. கிட்டக்க போய் வர்றதுக்குன்னா சரி. யாருக்கும்மா வண்டி?"

"என் பையனுக்கு. லீவு கிடைச்சா போதும், பையைக் கட்டிக்கிட்டு ஊர் ஊரா கிளம்பிடுவான்."

"அப்போ கண்ணை மூடிக்கிட்டு சிவப்பை எடுங்க. ஐந்நூறு கிலோமீட்டர் போனாலும் கை மரத்துப் போகாது, முதுகு வலிக்காது. காலையில கிளம்பினா போற ஊர்லதான் இறங்குவாரு."

அம்மாளின் முகம் வாடிப்போனது.

"நடுவுல எங்கயுமே நிக்காதா?"

"நிக்காது."

"இப்ப வச்சிருக்கிறதும் இப்படித்தான் இருந்து தொலைக்குது" என்றாள்.

வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவள் கணவர், வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

"கறுப்புக்கு என்ன குறை?"

"நீள ஓட்டத்துல இஞ்சின் சூடாகி அணைஞ்சுடும்."

"திடீர்னா? பின்னால லாரி கீரி வந்தா?"

"இல்லம்மா. ரெண்டு கிலோமீட்டர் முன்னாடியே இரும ஆரம்பிச்சுடும். ஓரமா, பத்திரமா நிறுத்திக்கலாம்."

"பிரேக்கு?"

"பிரேக், டயர் எல்லாம் புதுசு."

"அது முக்கியம். சரி, இருமிக்கிட்டே ஏதாவது ஊருக்குள்ள, நாலு வீடு இருக்கிற தெரு வரைக்கும் வந்து சேர்ந்துடுமா?"

இப்படி ஒரு கேள்வியை மெக்கானிக் தன் சர்வீஸில் கேட்டதில்லை. "சேர்ந்துடும்…" என்று இழுத்தார்.

"ஏதாவது பார்ட் போயிடுச்சுன்னா?"

"பழைய மாடலாச்சே. வெளியூர்லேர்ந்து வரணும். மூணு நாளாகும்."

அம்மாள் திரும்பினாள். "ஏங்க, மூணு நாள் போதுமா?"

"தாராளம்" என்றார் கணவர்.

மெக்கானிக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல வண்டியைக் கண்டால் மூஞ்சி சுருங்குகிறது, ஓட்டை வண்டியைக் கண்டால் மலர்கிறது. என்ன ஜென்மங்கள் இவர்கள்?

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. அவரு உங்க சொந்தப் பையன்தானே?"

"பத்து மாசம் சுமந்து பெத்தவ நான்."

"பெத்த பிள்ளைக்கா இந்த வண்டி? நாளைக்கு எங்கயாவது நின்னா பேச்சு வாங்குறது நான்தான். ஏற்கெனவே ஒரு வண்டியால இத்தனை வருஷமா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நடக்குறேன். இதை உங்களுக்கு விக்க மாட்டேன். சிவப்புன்னா எடுங்க, இல்லைன்னா விடுங்க."

சொன்னதோடு நிற்காமல், தார்ப்பாயை இழுத்துக் கறுப்பு வண்டியை மூடியும் விட்டார்.

அம்மாள் தார்ப்பாயின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். "அவனுக்கு முப்பத்திமூணு ஆகுதுங்க. எத்தனை பொண்ணு சொல்லியாச்சு. போட்டோவைக்கூட திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறான். கேட்டா, எனக்கு ரோடுதான் சரிங்கிறான்."

"அதுக்கும் வண்டிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

கணவர் ஸ்டூலை விட்டு எழுந்து வந்தார். வந்தவர், மெக்கானிக்கின் கிரீஸ் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு உங்க கடை வாசல்ல நின்னு அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அடுத்த மாசமே பத்திரிகையோட வந்திருக்கணும், வெக்கமா இருந்துச்சு. அப்ப எனக்கு முடி வேற நிறைய. உங்களுக்கு இப்ப அடையாளம் தெரியாது."

மெக்கானிக் அந்த வழுக்கையை அண்ணாந்து பார்த்தபடியே நிற்க, அம்மாள் தார்ப்பாயை மெல்ல உருவிக்கொண்டே சொன்னாள்:

"நீங்க இவருக்கு வித்த வண்டி மூணு நாள் நின்னது எங்க வீட்டு வாசல்லதாங்க."