பௌர்ணமி சனிக்கிழமை

"பதினாலாம் தேதிக்குப் பத்துப் பேர் கை தூக்கியாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி, பெருமாள்சாமி சார்" என்றார் அல்போன்சா டீச்சர்.

"எனக்கு இருபத்தெட்டாம் தேதிதான் வேணும்" என்றார் பெருமாள்சாமி, தரையைப் பார்த்தபடி.

காக்ஸ் டவுனில் டீச்சர் வீட்டு முன்னறை. பதினொரு பேர், ஒன்பது நாற்காலி. காவலூர் வானாய்வுக்கூடத்துக்கு ஒரு சனிக்கிழமை போய் வரத் திட்டம். இது நான்காவது கூட்டம். தேதி மட்டும் முடிவாகவில்லை.

வேன் பெருமாள்சாமியின் மருமகனுடையது. பெருமாள்சாமி தலையசைக்காமல் அது நகராது.

"அங்கிள், பதினாலு அமாவாசை. வானம் நல்லா இருட்டா இருக்கும், நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும்" என்றான் மாடியில் குடியிருக்கும் வெங்கி. "இருபத்தெட்டு பௌர்ணமி. அந்த வெளிச்சத்துல நிலாவைத் தவிர என்ன தெரியும்? அதுக்கா இருநூறு கிலோமீட்டர் போறது?"

"நம்ம சாமிக்கு நட்சத்திரம் எதுக்குப்பா?" என்றார் வின்சென்ட். "காவலூர்லேருந்து திருவண்ணாமலை இன்னா தூரம்? பௌர்ணமி, கிரிவலம், நம்ம செலவுல டீசல்! கணக்கு சரியா வருதா?"

அறை சிரித்தது.

"முட்டி ஆபரேஷன் பண்ணவரு பதினாலு கிலோமீட்டர் எப்படி அங்கிள் நடப்பாரு?" என்றான் வெங்கி.

"எதுக்கு நடக்கணும்? வேன்லயே மலையைச் சுத்துவாரு!"

மறுபடி சிரிப்பு. பெருமாள்சாமி நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் சங்கிலி பிடித்து அளந்தவர். பேச்சு மட்டும் வராது.

"இன்னொரு கூத்து கேளுங்க டீச்சர்" என்றான் வெங்கி. "அங்கே போன் போட்டு, வேன் நிக்கிற இடத்துலேருந்து எத்தனை படி, பிடிச்சுக்கக் கம்பி இருக்கான்னு விசாரிச்சிருக்கார்!"

"சர்வேக்காரராச்சே. அளக்காம ஒரு அடி வைப்பாரா?" என்றார் வின்சென்ட். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். "டீச்சர், கோலார் தங்கவயல் சுரங்கத்துல இருபத்திரண்டு வருஷம் பூமிக்குக் கீழேயே பார்த்தவன் நான். ஒரு தடவை மேலே பார்க்கணும்னு முதல்ல கேட்டவனும் நான்தான். கும்மிருட்டா ஒரு நாளைப் பார்த்துப் போடுங்க. இருட்டு எனக்குப் புதுசா?"

சொல்லிவிட்டு மீண்டும் ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எழுந்தார், உட்கார்ந்தார்.

"சீக்கிரம் முடிங்க. விளக்கு வைக்கறதுக்குள்ள வீட்ல இல்லன்னா என் வீட்டுக்காரி மெர்சி கத்துவா."

"நாலு கூட்டத்துலயும் இதே பாட்டு" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

டீச்சரின் போன் அடித்தது. வேன் டிரைவர். இன்று தேதி சொல்லாவிட்டால் வேறு சவாரிக்கு ஒத்துக்கொண்டுவிடுவானாம்.

டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், ஒருத்தருக்காகப் பத்துப் பேர் ஆசையைக் கெடுக்கறது நல்லா இருக்கா? பௌர்ணமிதான் வேணும்னா காரணத்தையாவது சொல்லுங்க."

"சொல்றதுக்கில்லை டீச்சர்."

"சொல்ல மாட்டாரு" என்றார் வின்சென்ட், எழுந்தபடி. "எனக்கு நேரமாச்சு. நான் பதினாலு. எழுதிக்குங்க."

அவர் வாசலை எட்டுவதற்குள் கரண்ட் போய்விட்டது.

ஒரே இருட்டு. ஒரு நாற்காலி உருண்டது. வெங்கி போனைத் தேடித் தடவினான். வாசலோரம் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த டீச்சருக்கு மிக அருகில், இரண்டு தாழ்ந்த குரல்கள் கேட்டன.

"நகராதீங்க வின்சென்ட். முன்னால படி இருக்கு. மூணு."

"சாமி... நீயா?"

"நான்தான். கையைக் கொடுங்க."

"இருட்டினா எனக்கு ஒண்ணுமே தெரியலைப்பா. மெர்சிக்கு மட்டும்தான் தெரியும்."

"எனக்கும் நாலு மாசமாத் தெரியும். பார்க்குல ஆறு மணியானா நீங்க சுவரைத் தொட்டுக்கிட்டே போறதைப் பார்த்திருக்கேன்."

"பதினாலுக்கு வந்து, வேனை விட்டு இறங்காம உட்கார்ந்துக்கலாம்னு இருந்தேன்."

"பதினொரு பேரும் இறங்கணும். நிலா இருந்தா நடந்துடலாம். தொலைநோக்கியிலேயும் நிலான்னா உங்க கண்ணுக்குத் தெரியும். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்."

வின்சென்ட்டின் குரல் இன்னும் தாழ்ந்தது. "இவங்களுக்குத் தெரிய வேணாம் சாமி" என்றார்.

வெங்கியின் போன் வெளிச்சம் வந்தது. எதிர்மூலையில் இருந்த பெருமாள்சாமி இப்போது வின்சென்ட்டின் பக்கத்தில் நின்றிருந்தார்.

"என்ன அங்கிள், ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களா? அப்போ பதினாலே முடிவு பண்ணிடலாமா?"

"இல்லைப்பா" என்றார் பெருமாள்சாமி. முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். "நீங்க எல்லாரும் சொன்னது நிஜம்தான். எனக்குக் கிரிவலம் போகணும். வேண்டுதல். டீசல் செலவை நானே கொடுத்துடறேன். பௌர்ணமிக்கே போடுங்க."

"பார்த்தீங்களா! நாங்க அப்பவே சொன்னோம்ல!" என்று வெங்கி கைதட்டினான். அறை முழுக்கச் சிரிப்பு.

வின்சென்ட் மட்டும் சிரிக்கவில்லை.

"டீச்சர், எழுதிக்கிறீங்களா? இருபத்தெட்டு" என்றார் பெருமாள்சாமி. பிடித்திருந்த முழங்கையை விடவில்லை.

டீச்சர் நோட்டை மூடினார். போன் வெளிச்சம் வருமுன்னே இருட்டில் எழுதிவிட்டதால் அந்த இருபத்தெட்டு கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது.