பெண் பார்க்க வந்தவர்களும் ஒரு நாவலும்

பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தொடவில்லை. முன்பெல்லாம் பாடச் சொல்வார்களாம். இப்போது பெண் படித்த நாவலைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

"மேல்தட்டுப் பொண்ணு குப்பை அள்ளுற பையனைக் கட்டிக்கிறாளே, அந்தக் கதைக்கு நீ என்னம்மா விமர்சனம் போட்டே?" என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

"அவ செஞ்சது தப்புன்னு எழுதினேன், ஆன்ட்டி." அப்பா சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாள் மிருதுளா.

அந்த அம்மாள் தன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். வாசிப்புச் செயலியில் மிருதுளா எந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தாள் என்பது முழுக்க, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி, அதில் இருந்தது.

"கல்யாண அத்தியாயத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சிருக்கே! பிரணவ், எழுந்திரு, கிளம்பலாம்."

அப்பா பஜ்ஜித் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினார். பிரணவ் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"அம்மா, என்னோடதையும் திறந்து பாரு."