திறக்காத மெயில்

“அவ மெயிலைத் திறந்தா தொலைஞ்சோம்டி!”

வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் மூத்தவர், ஆபீசுக்கே ‘அக்கா’, பக்கத்து மேஜைத் தோழியின் காதைக் கடித்தார்.

அந்த ‘அவ’ளுக்கு ஆபீஸ் வைத்த பெயர் தபால்காரி. கம்பெனியின் அறுபதாயிரம் வாடிக்கையாளர்களுக்குச் சலுகை மெயில் எழுதி அனுப்புவது அவள் வேலை. ஆனால் மூன்று நாளாக அவள் தன் நாற்காலியைச் சூடாக்கவே இல்லை. விற்பனைப் பிரிவில் அரைமணி நேரம், டிசைன் பிரிவில் குசுகுசு, கணக்குப் பிரிவில் ஒரே சிரிப்பு. சந்தேகம் வந்துவிட்டால் அக்காவுக்கு அடுத்தவர் தும்மல்கூடத் துப்புதான்.

காரணம் இல்லாமல் இல்லை. நான்கு தடவை கேட்டு, ஐந்தாவது தடவை கிடைத்த பத்து நாள் லீவு நாளை தொடங்குகிறது. ஐந்து மாதப் பேரனை அக்கா இதுவரை போனில்தான் கொஞ்சியிருக்கிறார். புதுச் சலுகையும் நாளைக்கேதானாம். அது வந்தால் போன் அலறும், அக்கா இல்லாமல் ஆகாது, லீவு அம்பேல்.

“தலைப்பைப் பாரு. ‘சலுகை: உங்கள் ஒப்புதல் தேவை.’ எதுக்கு? என் லீவுக்கு நானே குழி வெட்டவா?”

“சும்மா படிச்சுட்டு மூடிடுங்களேன்க்கா.”

“யாரு எத்தனை மணிக்குத் திறந்தாங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சுடுமாம். ‘அக்கா பாத்தாச்சு, ஒண்ணும் சொல்லலை, சம்மதம்தான்’னு மேல போய் வத்தி வெச்சுடுவா.”

சொல்லி வாய் மூடவில்லை, தபால்காரியே வந்து நின்றாள். அன்றைக்கு மூன்றாவது தடவை.

“அக்கா, என் மெயிலை நீங்க இன்னும் திறக்கவே இல்லையே?”

“பாத்தியா வேவு!” என்று தோழியிடம் முணுமுணுத்த அக்கா, “கையில வேலை இருக்கும்மா” என்றார்.

“உங்க லீவு விஷயமாத்தான்க்கா அலையறேன். அஞ்சு மணிக்குள்ள நீங்க எழுத்துல ஒரு வார்த்தை...”

“என் லீவு மேல உனக்கென்ன அவ்வளவு கரிசனம்? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு. ஒரு வார்த்தையும் வராது, போ!”

அவள் முகம் வாடித் திரும்பிப் போனாள். என்ன நடிப்பு என்று வியந்தார் அக்கா.

ஐந்து அடித்தது. மெயிலைத் திறக்காமலே கம்ப்யூட்டரை அணைத்து, “யார்கிட்ட!” என்று தோழியிடம் கண்ணடித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டினார்.

வாசலில் மேனேஜர் மறித்தார்.

“என்னம்மா, லீவு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களா? நீங்க திரும்பி வர்ற வரைக்கும் சலுகையைத் தள்ளிப் போடணும்னு அந்தப் பொண்ணுதான் ஒத்தக்கால்ல நின்னுச்சு. எல்லாப் பிரிவும் எழுத்துல சம்மதிச்சா சரின்னேன். மூணு நாளா ஏறி இறங்கி எல்லார்கிட்டயும் வாங்கிடுச்சு, உங்க ஒருத்தரோடதுதான் வரலை. சலுகை நாளைக்கே போகுது, காலையில சீக்கிரம் வந்துடுங்க!”