பின்கதவு சென்சார்

மதிய வெயில் கூடத்தின் பாதி வரை வந்து நிற்கிறது. மகன் ஸ்டூலில் ஏறி, சுவரில் ஒட்டியிருக்கும் சென்சார்களை ஒவ்வொன்றாகப் பெயர்க்கிறான். நினைவு தப்பிப்போன அப்பா வீட்டுக்குள் எங்கே நடக்கிறார் என்று பார்க்க, அவருடைய கைப்பட்டையைத் தொடரும்படி அவனே செய்து மாட்டியவை. ஒன்பதும் விழித்தே கிடந்தால் பேட்டரி ஒரு வாரம் தாங்காது. அதனால் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்று மட்டும் விழித்திருந்து, அவர் போகும் திசையைக் கணித்து, அடுத்ததை எழுப்பிவிட்டுத் தூங்கிப்போகும். "ரெண்டு வருஷத்துக்குத் தொடவே வேண்டாம்" என்று அம்மாவிடம் அடித்துச் சொல்லியிருந்தான். போன செவ்வாய்க்கிழமை வாசலை நோக்கிக் கூடத்தின் நடுவரை வந்த அப்பா, ஏனோ திரும்பி நடந்துவிட்டார். வாசல் சென்சார் விழித்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தது. பின்கதவில் இருந்ததை எதுவும் எழுப்பவில்லை. மறுநாள் கால்வாயில்தான் கிடைத்தார்.

சுண்ணாம்பு உதிர்கிறது. அம்மா துடைப்பத்தோடு பின்னாலேயே வருகிறாள். "சுவரு பேந்து வருது, மெதுவா எடுடா." கடைசியாகப் பின்கதவு. அதில் எவ்வளவு மிச்சம் என்று அவன் போனில் தட்டிப் பார்க்கிறான். "சார்ஜ் இருக்கா?" என்கிறாள் அம்மா. "நூறு இருக்கும்மா." "அப்ப வீணாக்காத, குடு." அந்தப் பேட்டரியை வாங்கி, நின்றுபோன சுவர்க்கடிகாரத்தில் போடுகிறாள். முள் ஒரு தரம் நடுங்கி ஓட ஆரம்பிக்கிறது. "இப்ப மணி என்னடா?" அவன் மறுபடி போனைப் பார்க்கிறான். வீட்டின் வரைபடம் திறந்தே இருக்கிறது. கூடத்தின் நடுவில் அப்பா ஒரு நீலப் புள்ளியாக, வாசலைக் காட்டும் அம்புக்குறியோடு நிற்கிறார்.